பிளாட்டினத்தை அடக்கி வைத்தல்: புரோப்பேனைப் புரோப்பிலீனாக்கும் வினையூக்கியைக் கல்லூரி ஆய்வகத்தில் தயாரித்துச் சோதிக்கும் முறை

பாலக்காட்டுக் கணவாயில் தமிழக–கேரள எல்லையிலுள்ள வாளையாற்றின் வழியாகக் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே சென்றுவருபவர்கள், கொச்சியிலிருந்து கிழக்கு நோக்கி வரிசையாகச் செல்லும் சமையல் எரிவாயு லாரிகளைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கொச்சியிலிருந்து சேலம் வரை இதற்கெனக் குழாய்ப்பாதையும் இதே கணவாய் வழியாகத்தான் போடப்பட்டது. அந்த எரிவாயுவில் பியூட்டேனுடன் கலந்திருக்கும் புரோப்பேனிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கினால் கிடைப்பது புரோப்பிலீன். அரிசிச் சாக்கு, பிளாஸ்டிக் நாற்காலி, மருத்துவ ஊசிக்குழல் ஆகியவற்றுக்கான பாலிபுரோப்பிலீன் அதிலிருந்து பிறக்கிறது. கொச்சி சுத்திகரிப்பு ஆலையில் 2021-இல் தொடங்கிவைக்கப்பட்ட அக்ரிலிக் அமில ஆலையும் புரோப்பிலீனையே மூலப்பொருளாகக் கொண்டது. ஆனால் அங்குள்ள புரோப்பிலீன் கனமான எண்ணெயைப் பிளக்கும்போது உடன்விளைவாகக் கிடைப்பது. புரோப்பேனிலிருந்து நேரடியாகப் புரோப்பிலீன் பெறும் முறை வேறு. எல்லையின் இருபுறத்திலிருந்தும் வந்து எங்கள் துறையில் தமிழில் கேட்டுக் கற்கும் முதுகலை மாணவர்களுக்காக, அம்முறைக்குரிய வினையூக்கியைச் சிறிய அளவில் தயாரித்துச் சோதிக்கும் வழியை இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். புரோப்பேனில் கார்பன்–கார்பன் பிணைப்பின் வலிமை, கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமையைவிடக் குறைவு. ஆகவே வெறும் வெப்பத்தை மட்டும் கொடுத்தால் மூலக்கூறு நடுவே முறிந்து மீத்தேனும் எத்திலீனும் ஆகுமே தவிர, நாம் விரும்பும் இடத்தில் ஹைட்ரஜனை இழக்காது. பிளாட்டினம் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பைத் தேர்ந்து பிரிக்கும். ஆனால் அதன் ஆர்வம் அங்கே நிற்பதில்லை. உருவான புரோப்பிலீனை விடாமல் பிடித்துவைத்து மேலும் மேலும் ஹைட்ரஜனை உருவி, கடைசியில் கரியாக்கிவிடும். எனவே இந்த வினையூக்கியில் நாம் சேர்க்கும் வெள்ளீயம், பொட்டாசியம் ஆகியவையும், ஊட்டத்தில் (உலைக்குள் அனுப்பும் வாயுக் கலவையில்) கலக்கும் ஹைட்ரஜனும் பிளாட்டினத்தின் வேகத்தைக் கூட்டுவதற்காக அல்ல, அதைக் கட்டுக்குள் வைப்பதற்காகவே சேர்க்கப்படுகின்றன. இதை மறந்தவர்கள் முதல் பத்து நிமிடத்தில் கிடைக்கும் உயர்ந்த மாற்ற வீதத்தை (உள்ளே சென்ற புரோப்பேனில் மாறிய பங்கை) கண்டு மகிழ்ந்து, இரண்டாவது மணி நேரத்தில் கறுத்துப்போன தூளை வெளியே எடுக்கிறார்கள்.

சமநிலையை முதலில் கணக்கிடுங்கள்

இது வெப்பத்தை உறிஞ்சும் வினை, இரு திசையிலும் நடக்கக்கூடியது. ஒரு மோல் புரோப்பேனுக்கு ஏறத்தாழ 124 கிலோஜூல் தேவைப்படுகிறது. ஒரு மூலக்கூறு இரண்டாவதால், உயர்ந்த வெப்பநிலையும் குறைந்த அழுத்தமும் சாதகமானவை. ஒரு வளிமண்டல அழுத்தத்தில் தூய புரோப்பேன் பாதியளவு மாறுவதற்கு 600 செல்சியஸை ஒட்டிய வெப்பநிலை வேண்டும். பாதி மாறுகிறது என்றால் சமநிலை மாறிலி மூன்றில் ஒரு பங்கு என்பது எளிய கணக்கு. அதே வெப்பநிலையில் அழுத்தத்தைப் பாதியாக்கினால் சமநிலை மாற்றம் 63 சதவீதமாக உயரும். மாறாக, ஒரு வளிமண்டல அழுத்தத்திலேயே புரோப்பேனுக்குச் சம அளவு ஹைட்ரஜனைக் கலந்தால் 37 சதவீதமாகக் குறையும்.

நமது சோதனையில் நிமிடத்துக்கு 8 மில்லிலிட்டர் புரோப்பேன், 8 மில்லிலிட்டர் ஹைட்ரஜன், 24 மில்லிலிட்டர் நைட்ரஜன் அனுப்புகிறோம். நைட்ரஜன் கலவையை நீர்க்கச் செய்வதால் புரோப்பேனின் பகுதியழுத்தம் குறைந்து, சமநிலை மாற்றம் மீண்டும் 54 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்த எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். இதே ஊட்டத்தில் 60 சதவீத மாற்றம் கண்டதாக யாரேனும் சொன்னால், அவர்கள் புதிய வினையூக்கியைக் கண்டுபிடித்திருக்கவில்லை. வெப்பநிலையைத் தவறாக அளந்திருக்கிறார்கள், அல்லது புரோப்பேன் வெப்பத்தால் பிளந்துபோயிருக்கிறது. சோதனைகளைச் சமநிலைக்கு வெகு கீழே நடத்துவதே நல்லது. சமநிலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் படுகையில் (குழாயில் நிரப்பிய வினையூக்கி அடுக்கில்) நல்ல வினையூக்கியும் சுமாரான வினையூக்கியும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

தாங்கியை நனைத்தல்

உலோகத்தைத் தன் துளைகளில் சுமக்கும் தாங்கியாகக் காமா அலுமினாவை (அலுமினியம் ஆக்சைடின் ஒரு வகை) எடுத்துக்கொள்ளலாம். கிராமுக்கு 200 சதுர மீட்டர் அளவில் புறப்பரப்பும், 0.5 முதல் 0.8 மில்லிலிட்டர் வரை துளைக்கொள்ளளவும் உள்ள வகைகள் எளிதில் கிடைக்கின்றன. இதை இடித்துச் சலித்து 250 முதல் 425 மைக்ரான் வரையுள்ள துகள்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிக நுண்ணிய தூள் குழாயை அடைத்து அழுத்தத்தை ஏற்றும். பெரிய துகள்களில் வாயு உள்ளே சென்று திரும்பும் நேரம் வினையின் வேகத்தை மறைத்துவிடும்.

இனி நனைப்பு. உலோக உப்பைத் தாங்கியின் துளைகள் கொள்ளும் அளவு நீரில் மட்டும் கரைத்து, அந்தக் கரைசல் முழுவதையும் தாங்கி உறிஞ்சும்படி செய்வதே இதன் சாரம். வெளியே சொட்டும் தேங்கக்கூடாது, உள்ளே துளைகள் வறண்டும் இருக்கக்கூடாது. பல ஆண்டுகள் இதை வரையறைகளாலும் வரைபடங்களாலும் விளக்கி வந்தேன். எங்கள் ஆய்வகத்தைத் துப்புரவு செய்யும் சேச்சி ஒருநாள் அருகில் நின்று பார்த்துவிட்டு, "இது புட்டுக்கு மாவு நனைக்கிறதுதானே சாரே, பிடிச்சா பிடிபடணும், விட்டா உதிரணும்" என்றார். அதன்பிறகு நான் வேறு விளக்கம் தேடவில்லை. ஒரு கிராம் உலர்ந்த அலுமினாவை எடுத்து, பியூரெட்டிலிருந்து நீரைத் துளித்துளியாக விட்டுக் கிளறிக்கொண்டே வாருங்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும் கணத்தில் எவ்வளவு நீர் சென்றிருக்கிறதோ, அதுவே அந்தத் தாங்கியின் துளைக்கொள்ளளவு. அதில் 95 சதவீதத்தை மட்டும் நனைப்புக்குப் பயன்படுத்துங்கள். கிராமுக்கு 0.7 மில்லிலிட்டர் என்று கண்டால் 10 கிராமுக்கு 6.6 மில்லிலிட்டர் போதும்.

இங்கே எங்கள் நாட்டின் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் காற்று உதட்டை வெடிக்கச் செய்யும் அளவுக்கு வறண்டது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் அதே அறையில் உப்பு ஜாடி நீர்விடும். பிப்ரவரியில் அளந்த துளைக்கொள்ளளவை நம்பி, ஜூன் மாதத்தில் திறந்தே கிடந்த புட்டியிலிருந்து 10 கிராம் அலுமினாவை நிறுத்து ஒருமுறை நனைத்தேன். தாங்கி ஏற்கெனவே காற்றின் ஈரத்தைக் குடித்திருந்ததால், எடையில் ஏறக்குறைய ஒரு கிராம் நீராகவே இருந்தது. கரைசல் மீந்து கிண்ணத்தின் அடியில் தேங்கியது. உலர்ந்தபோது மேல் அடுக்கு வெளுத்தும் அடி அடுக்கு பழுப்பேறியும் நின்றது. விலையுயர்ந்த பிளாட்டினம் அப்படிப் பாழானது. இப்போது ஒவ்வொரு நனைப்புக்கு முன்னும் தாங்கியை 120 செல்சியஸில் இரவு முழுவதும் உலர்த்தி, சிலிக்கா ஜெல் உள்ள மூடுகலத்தில் ஆறவைத்து, உடனே நிறுத்து, துளைக்கொள்ளளவை அன்றே அளக்கிறேன்.

மூன்று உப்புகள், மூன்று நனைப்புகள்

10 கிராம் தாங்கிக்கு 0.05 கிராம் பிளாட்டினம் ஏற்றுவதாகக் கொள்வோம். இதற்குக் குளோரோபிளாட்டினிக் அமில ஹெக்சாஹைட்ரேட் 0.133 கிராம் வேண்டும். பிளாட்டின அணு ஒன்றுக்கு மூன்று வெள்ளீய அணுக்கள் என்ற விகிதத்தில், ஸ்டானஸ் குளோரைடு டைஹைட்ரேட் 0.174 கிராம். பொட்டாசியம் 0.05 கிராமுக்குப் பொட்டாசியம் நைட்ரேட் 0.129 கிராம்.

மூன்றையும் ஒரே நீரில் கரைத்து ஒரே நனைப்பில் முடித்துவிடலாமே என்ற எண்ணம் ஒவ்வொரு ஆண்டும் ஒரு மாணவருக்காவது எழுகிறது. செய்யாதீர்கள். குளோரோபிளாட்டினிக் அமிலத்தில் பொட்டாசியம் அயனி சேர்ந்தவுடன், நீரில் எளிதில் கரையாத பொட்டாசியம் ஹெக்சாகுளோரோபிளாட்டினேட் மஞ்சள் வீழ்படிவாக இறங்கிவிடும். அது துளைக்குள் நுழையாமல் துகள்களின் மேலேயே மாவாகப் படியும். ஸ்டானஸ் குளோரைடை வெறும் நீரில் கரைத்தாலும் நீராற்பகுப்பு நிகழ்ந்து வெண்மையாகக் கலங்கும். அதை எத்தனாலில் கரைக்க வேண்டும், அல்லது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும்.

ஆகவே நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் எத்தனாலில் கரைத்த வெள்ளீயம். நனைத்தபின் புகைபோக்கிப் பெட்டிக்குள் திறந்த தட்டில் எத்தனால் வாடை நீங்கும்வரை வைத்திருந்து, அதன்பிறகே அடுப்பில் வைக்க வேண்டும். எத்தனால் ஆவியை மூடிய உலர்த்தியின் சூட்டுக்கம்பிகளுக்கு அறிமுகம் செய்வது தீ விபத்துக்கு அழைப்பு. 120 செல்சியஸில் உலர்த்தி, காற்றோட்டத்தில் நிமிடத்துக்கு 2 முதல் 5 செல்சியஸ் வீதம் ஏற்றி, 550-இல் நான்கு மணி நேரம் சுட்டால் வெள்ளீயம் ஆக்சைடாக அலுமினாவின் பரப்பில் பரவி நிற்கும்.

அடுத்தது பிளாட்டினம். குளோரோபிளாட்டினிக் அமிலம் காற்றின் ஈரத்தை வேகமாக இழுக்கும். மழைக்காலத்தில் தராசின் எண் கண்முன்னே ஏறிக்கொண்டே போகும். எனவே புட்டியைத் திறந்தவுடன் முழுவதையும் ஒரே தடவையில் நீரில் கரைத்து, செறிவு தெரிந்த இருப்புக் கரைசலாக வைத்துக்கொள்வதே முறை. எஃகுக் கரண்டி படக்கூடாது, பிளாஸ்டிக் கரண்டியே வேண்டும். குளோரோபிளாட்டினேட் உப்புகளின் தூளைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா போன்ற ஒவ்வாமை உண்டாகும் என்பது சுத்திகரிப்புத் தொழிலாளர்களிடம் நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. கையுறையும் புகைபோக்கியும் இல்லாமல் தொடவேண்டாம். அலுமினாவின் பரப்பு அமிலக் கரைசலில் நேர்மின்சுமை ஏற்பதால், எதிர்மின்சுமை கொண்ட பிளாட்டினக் கூட்டயனி முதலில் கண்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ள முனையும். சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் குளோரைடு அயனிகள் அந்த இடங்களுக்குப் போட்டியிட, பிளாட்டினம் துகளின் உட்புறம் வரை செல்லும். மீண்டும் உலர்த்தி 500-இல் சுடுங்கள். இங்கே வெப்பத்தை அதிகமாக்கினால் பிளாட்டினம் திரண்டு பெரிய துணுக்குகளாகும்.

கடைசியாகப் பொட்டாசியம். அலுமினாவின் அமில மையங்கள் புரோப்பிலீனைப் பிடித்துப் பிளக்கவும், ஒன்றோடொன்று கோத்துக் கரியாக்கவும் செய்யும். பொட்டாசியம் அவற்றை நடுநிலையாக்குகிறது. உலர்த்தலும் சுடுதலும் முன்போலவே.

வெள்ளீயம் என்னதான் செய்கிறது? ஹைட்ரஜனால் ஒடுக்கி உலோகமாக்கியபின் அதன் ஒரு பகுதி பிளாட்டினத்துடன் கலப்புலோகமாகி, பிளாட்டின அணுக்கள் பெருங்கூட்டமாக நிற்காதபடி இடையிடையே புகுந்துவிடுகிறது. மூலக்கூறைப் பிளப்பதற்கும் கரியாக்குவதற்கும் அடுத்தடுத்து நிற்கும் பல பிளாட்டின அணுக்கள் தேவை. இரண்டு ஹைட்ரஜனை எடுப்பதற்குச் சிறு கூட்டமே போதும். வெள்ளீயம் பிளாட்டினத்தின் எலெக்ட்ரான் நிலையையும் மாற்றி, புரோப்பிலீனின் பிடிப்பைத் தளர்த்துகிறது. தளர்ந்த புரோப்பிலீன் தப்பித்துச் செல்கிறது. கணக்கில் பிளாட்டினத்தின் பரப்பு குறைகிறது, தொடக்க வேகமும் சற்றுக் குறையலாம். அந்த இழப்பு நமக்கு இலாபம்.

வாயுவைப் பற்றி ஒரு எச்சரிக்கை

வீட்டுச் சிலிண்டரிலிருந்து புரோப்பேன் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது புரோப்பேன்–பியூட்டேன் கலவை என்பது ஒருபுறம். கசிவு தெரிவதற்காக அதில் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம் கலந்திருப்பது மறுபுறம். சமையலறையில் நம் உயிரைக் காக்கும் அந்த நாற்றம் பிளாட்டினத்துக்கு நஞ்சு. உயர்தூய்மை புரோப்பேன் சிலிண்டரையே வாங்க வேண்டும். எங்களுக்குக் கோவையிலிருந்து வர வேண்டியிருப்பதால், பருவத் தொடக்கத்திலேயே கேட்டுவைப்போம்.

காற்றில் புரோப்பேன் 2.1 சதவீதத்தையும் ஹைட்ரஜன் 4 சதவீதத்தையும் எட்டினாலே தீப்பற்றும் எல்லைக்குள் வந்துவிடும். எல்லா இணைப்புகளையும் நைட்ரஜன் அழுத்தத்தில் அரை மணி நேரம் வைத்துச் சோதித்து, சோப்பு நீர் தடவிப் பார்த்த பின்னரே எரியும் வாயுவைத் திறக்க வேண்டும். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாலைகளில் இடி இடித்ததும் மின்சாரம் போவது இப்பகுதியில் வழக்கம். புகைபோக்கியும் அத்துடன் நின்றுபோகும். ஆகவே புரோப்பேன், ஹைட்ரஜன் குழாய்களில் மின்சாரம் நின்றால் தானே மூடிக்கொள்ளும் வால்வையும், நைட்ரஜன் குழாயில் மின்சாரம் நின்றால் தானே திறந்துகொள்ளும் வால்வையும் பொருத்துங்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் நீண்ட ஓட்டங்களை அதிகாலையில் தொடங்கிப் பிற்பகலுக்குள் முடித்துவிடுகிறேன்.

படுகையும் ஓட்டமும்

குவார்ட்ஸ் குழாய் வேண்டும். எஃகுக் குழாயின் சுவரிலுள்ள நிக்கலும் இரும்பும் தாமே கரியை வளர்க்கும். 0.2 கிராம் வினையூக்கியை ஒரு கிராம் குவார்ட்ஸ் மணலுடன் கலந்து, குவார்ட்ஸ் பஞ்சின் மேல் இருத்துங்கள். வினை வெப்பத்தை உறிஞ்சுவதால் படுகையின் நடுப்பகுதி உலையின் சுவரைவிடக் குளிர்ந்திருக்கும். மணல் அந்த வேறுபாட்டைக் குறைக்கிறது. வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்புளின் முனை படுகைக்குள் இருக்க வேண்டும். உலைச்சுவரின் வெப்பநிலையை எழுதிவைத்துப் பயனில்லை.

நைட்ரஜனில் கலந்த ஹைட்ரஜனைச் செலுத்தி 580 முதல் 600 செல்சியஸில் ஒரு மணி நேரம் ஒடுக்கியபின், முன்சொன்ன ஊட்டத்தைத் திறக்கலாம். அறை வெப்பநிலையில் நிமிடத்துக்கு 8 மில்லிலிட்டர் புரோப்பேன் என்பது மணிக்கு 0.87 கிராம். அதாவது மணிக்கு, 0.2 கிராம் வினையூக்கியின் எடையைப்போல் 4.3 மடங்கு.

முதல் ஓட்டம் வினையூக்கி இல்லாமல், மணலை மட்டும் வைத்து நடத்தப்பட வேண்டும். வெப்பத்தால் மட்டும் எவ்வளவு பிளக்கிறது என்பதை இதுவே காட்டும். 650-ஐ நெருங்கும்போது அந்த அளவைப் புறக்கணிக்க முடியாது. இரண்டாவது ஓட்டம் வெள்ளீயமில்லாத பிளாட்டினம். வெள்ளீயம் செய்யும் வேலையைக் கண்ணால் காண இதைவிட நல்ல வழி இல்லை. வாயுப் பகுப்பாய்வுப் பதிவில் மீத்தேன் உச்சம் எவ்வளவு பெரிது, மாற்ற வீதம் எவ்வளவு விரைவாகச் சரிகிறது என்று பாருங்கள். மூன்றாவதாகத்தான் முழு வினையூக்கி. நன்றாக வந்தால், மாறிய புரோப்பேனில் 95 சதவீதத்துக்கு மேல் புரோப்பிலீனாக இருக்கும்.

கணக்கில் செய்யும் பிழை

வெளிவரும் வாயுவை, கலவையைக் கூறுகளாகப் பிரித்து அளக்கும் வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை செலுத்துவோம். இங்கேதான் பலருடைய முடிவுகள் தானாக அழகாகிவிடுகின்றன. உள்ளே சென்ற வாயுவில் புரோப்பேன் 20 சதவீதம், வெளியே வந்ததில் 11.1 சதவீதம் என்று கண்டால், 44 சதவீதம் மாறிவிட்டதாக எழுதத் தோன்றும். உண்மையில் மாறியது 40 சதவீதமே. 3.2 மில்லிலிட்டர் புரோப்பேன் மாறும்போது அதே அளவு கூடுதல் வாயு பிறப்பதால், 40 மில்லிலிட்டர் ஓட்டம் 43.2 மில்லிலிட்டராகப் பெருகி எல்லாவற்றையும் நீர்க்கச் செய்துவிடுகிறது. நைட்ரஜன் வினைபுரியாதது. அது 60 சதவீதத்திலிருந்து 55.6 சதவீதமாகக் குறைந்திருப்பதே பெருக்கம் எவ்வளவு என்பதைச் சொல்லிவிடும். அதனால்தான் ஊட்டத்தில் நைட்ரஜனை வைத்திருக்கிறோம். உள்ளே சென்ற கார்பனையும் வெளிவந்த கார்பனையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், ஒன்று கசிவு இருக்கிறது, அல்லது படுகையில் கரி சேர்கிறது.

வினையூக்கிகளை ஒப்பிடுவதற்குத் தொடக்க மாற்ற வீதத்தைவிடச் செயலிழப்பு மாறிலி நம்பகமானது. மாறாதிருக்கும் பங்கை மாறிய பங்கால் வகுத்து, அதன் இயல் மடக்கையை ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கண்டு, வித்தியாசத்தை நேரத்தால் வகுக்க வேண்டும். 40 சதவீதத்தில் தொடங்கி 10 மணி நேரத்தில் 32 சதவீதத்துக்கு இறங்கினால் மாறிலி மணிக்கு 0.035.

ஆலைகள் வழியில் ஒரு பார்வை

இதே வேதியியல் பெரிய அளவில் முக்கியமாக இரண்டு வழிகளில் நடக்கிறது. கேட்டோஃபின் முறையில் அலுமினாமேல் குரோமியம் ஆக்சைடு. வளிமண்டலத்துக்குக் குறைந்த அழுத்தத்தில் இயங்கும் பல உலைகள் மாறிமாறி வினை புரிவதும், கரியை எரித்து அந்த வெப்பத்தையே அடுத்த சுற்றுக்குச் சேமிப்பதுமாக இருக்கும். ஓலிஃப்ளெக்ஸ் முறையில் பிளாட்டினமும் வெள்ளீயமும் கொண்ட மணிகள் உலைகளின் வழியே மெல்ல இறங்கி, தனிக் கோபுரத்தில் கரி எரிக்கப்பட்டுத் திரும்பும். புரோப்பேனுக்கான அதன் முதல் ஆலை 1990-இல் தாய்லாந்தில் இயங்கத் தொடங்கியது. பிளாட்டினத்தை எண்ணெய்த் தொழிலுக்குள் கொண்டுவந்த துணிச்சல் வேதிப் பொறியாளர் விளாடிமிர் ஹேன்சலுடையது. 1949-இல் அவருடைய பெட்ரோல் மறுவடிவாக்க முறை நடைமுறைக்கு வரும்வரை, இவ்வளவு விலையுள்ள உலோகத்தை உலையில் கொட்டுவதைப் பலரும் வீண் என்றே கருதினார்கள். குரோமியம் விலை குறைந்ததுதான். ஆனால் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது, மாணவர் கையில் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஐசோபியூட்டேன் கிடைத்தால் இன்னும் குறைந்த வெப்பநிலையில் இதே சோதனையைச் செய்யலாம். ஈத்தேன் இந்த அமைப்புக்கு ஏற்றதல்ல, அதற்கு 700 செல்சியஸுக்கும் மேல் வேண்டும்.

புதுப்பித்தல்

ஓட்டம் முடிந்ததும் புரோப்பேனை நிறுத்தி, நைட்ரஜனை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதன்பிறகே ஆக்சிஜனுக்கு வழிவிட வேண்டும். நைட்ரஜனில் 2 சதவீத ஆக்சிஜனுடன் 450 செல்சியஸில் தொடங்கி மெதுவாக எரியுங்கள். நேரடியாகக் காற்றைத் திறந்தால் கரி கொழுந்துவிட்டு எரிந்து படுகையின் வெப்பநிலை எகிறும். பிளாட்டினத் துணுக்குகள் உருண்டு திரண்டுவிடும். திரண்டவற்றைக் குளோரின் கலந்த ஆக்சிஜனால் மீண்டும் பரப்புவது ஆலைகளுக்கு உரிய வேலை. கல்லூரி ஆய்வகத்தில் அதை முயலக்கூடாது. மீண்டும் நைட்ரஜன், பிறகு ஹைட்ரஜனில் ஒடுக்கம், பிறகு அடுத்த சுற்று. இப்படி நடத்தும் மூன்று சுற்றுகளிலும் தொடக்க மாற்ற வீதம் ஏறத்தாழ ஒன்றாக வந்தால் உங்கள் நனைப்பு சரியாக அமைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

பயன்படுத்தி முடித்த தூளை மணலிலிருந்து சலித்துப் பிரிக்க முடிந்தால் பிரித்தும், முடியாவிட்டால் மணலோடு சேர்த்தும், பிளாட்டினத்தின் அளவையும் நாளையும் எழுதிய புட்டியில் போட்டு வையுங்கள். நனைத்த கிண்ணத்தைக் கழுவிய நீரும் தொட்டியில் ஊற்றப்படாமல் தனிப் புட்டியில் சேர வேண்டும். பிளாட்டினத்தை மீட்டுத் தருபவர்கள் சிறிய அளவை ஏற்பதில்லை என்பதால், எங்கள் அலமாரியில் நான்கு ஆண்டுகளின் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன.